சதுரங்கக் கூட்டமைப்பில் பெரிய கிளப்புக்கும் சின்ன கிளப்புக்கும் ஒரே ஓட்டுதானா?

கேள்வி: ஒரு நாட்டின் சதுரங்கக் கூட்டமைப்பில் கிளப்புகள்தான் நேரடி உறுப்பினர்கள் என்றால், ஓட்டுரிமையை எப்படிப் பிரிப்பது நியாயம்? கிளப்புக்கு ஒன்றா, ஆள்கணக்குப்படியா?

இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர் நிலவரம். இந்தியாவில் கிளப்புகளுக்குத் தேசிய அளவில் ஓட்டே கிடையாது. கிளப்புக்கு மேலே மாவட்டச் சங்கம், அதற்கு மேலே மாநிலச் சங்கம், உச்சியில் அகில இந்தியக் கூட்டமைப்பு. அங்கே ஓட்டுப் போடுவது மாநிலங்கள்தான், தலைக்கு இரண்டு. கிராண்ட்மாஸ்டர்களை வரிசையாகத் தந்துகொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்கும் இரண்டு, ஒருவரைக்கூடத் தராத மாநிலத்துக்கும் இரண்டு. 2021 ஜனவரியில் தலைவர் தேர்தல் 33-31 என்று முடிந்தது. ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் 32-32. பெரம்பூரில் பள்ளி வகுப்பறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் கிளப்பு மாதிரி ஆட்களுக்கு அந்தத் தேர்தல் செய்தித்தாளில் படிக்கிற சமாச்சாரம், அவ்வளவுதான்.

உலக அமைப்பான ஃபிடேவிலும் நாட்டுக்கு ஒரு ஓட்டு. 2022 ஆகஸ்டில், மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் சென்னையிலேயே நடந்த தலைவர் தேர்தலில் 157-16 என்று முடிவு வந்ததும் இந்த முறையில்தான். நாடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் புது நாடு ஒன்றை உண்டாக்கிவிட முடியாது. கிளப்பு அப்படியா? தேர்தல் வருகிறது என்றால் லெட்டர்பேடு கட்சி மாதிரி லெட்டர்பேடு கிளப்புகள் முளைத்துவிடும். ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஏழெட்டுக் கையெழுத்தும் போதும்.

சரி, ஆள்கணக்குக்குப் போவோம் என்றால் அதில் வேறு வில்லங்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளப்புகள் ஆறு, உறுப்பினர்கள் 400, 100, 100, 25, 25, 16. மொத்தம் 666 பேர். ஆள்கணக்கு என்றால் 400 பேர் உள்ள கிளப்பு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்யும். மற்ற ஐந்தும் கூட்டத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகலாம். கிளப்புக்கு ஒன்று என்றால் நேர்மாறு: மூன்று சின்ன கிளப்புகளும் ஒரு நூறு பேர் கிளப்பும் கைகோத்தால் நான்கு ஓட்டு. 166 பேரின் பிரதிநிதிகள் 500 பேரைத் தோற்கடித்துவிடுவார்கள்.

இதற்கு நடுவழி ஒன்றை 1946-லேயே லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் மரபியலாளர் சொன்னார். உலக நாடுகளின் அவைக்காக அவர் யோசித்தது: மக்கள்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டு. (இவர் மகன் ஜோனதன் பென்ரோஸ்தான் 1960 லைப்சிக் ஒலிம்பியாடில், அப்போது உலக சாம்பியனாக இருந்த தாலை வீழ்த்தியவர். தால் பெயரில் சென்னையில் இருந்த கிளப்பில்தான் ஆனந்த் விளையாடி வளர்ந்தார் என்பதால் நமக்கும் இதில் ஒரு ஒட்டுறவு உண்டு.) மேலே உள்ள ஆறு கிளப்புகளுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 20, 10, 10, 5, 5, 4, மொத்தம் 54, வெல்ல 28 வேண்டும். பெரிய கிளப்புக்குக் கூட்டாளி இல்லாமல் காரியம் நடக்காது. அந்த 166 பேர் கூட்டணிக்கும் 24 ஓட்டுதான் தேறும். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் இந்த முறையைக் கொண்டுவரவே கூடாது. 400 பேர் கிளப்பு காகிதத்தில் நான்காகப் பிரிந்தால் 20 ஓட்டு 40 ஆகிவிடும். ஆகவே புதுக் கிளப்புக்கு முதல் இரண்டு வருடம் ஓட்டு கூடாது. ஒரே முகவரியோ ஒரே நிர்வாகிகளோ இருந்தால் எத்தனை பெயர்ப் பலகை மாட்டினாலும் ஒரே கிளப்பாகத்தான் எண்ண வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாரை உறுப்பினர் என்று எண்ணுவது. சென்னையில் சில பயிற்சி மையங்களில் கோடை விடுமுறைக்குச் சேர்ந்துவிட்டு ஜூன் மாதம் காணாமல் போகும் பிள்ளைகளே நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்களையெல்லாம் சந்தா ரசீதை வைத்து எண்ணினால் பணம் இருப்பவர் ஓட்டு வாங்கிவிடுவார். கடந்த 12 மாதத்தில் ஒரு ரேட்டிங் ஆட்டமாவது (ஆட்டக்காரரின் தரப்புள்ளிக்குக் கணக்கில் வரும் ஆட்டம்) ஆடியவரை மட்டும் எண்ணுங்கள். யார் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பது ஃபிடேவின் மாதாந்தரப் பட்டியலிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே யாரும் சரிபார்க்கலாம். ரேட்டிங் போட்டிக்குப் போகாமல் கிளப்பிலேயே ஆடும் பெரியவர்கள் இதில் விடுபடுவார்கள் என்பது உண்மைதான். அவர்களுக்காக, உள்ளூர்ப் போட்டி முடிவுகளைக் கூட்டமைப்புக்கு ஒழுங்காக அனுப்பும் கிளப்புகளுக்கு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ப்ராக்ஸி ஓட்டு, அதாவது வராதவருக்குப் பதிலாக அவர் கடிதத்தோடு இன்னொருவர் போடும் ஓட்டு, பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: ஒருவர் கையில் ஒன்றுக்கு மேல் கூடாது. மேலே சொன்ன கணக்கையெல்லாம் வகுத்து வைத்துவிட்டு, ஒரே ஆள் பத்துக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தால் எல்லாம் வீண்.

உங்கள் கூட்டமைப்பில் இதைக் கொண்டுவர விதி திருத்தம் வேண்டும், அதற்கு இப்போது லாபம் அடைந்துகொண்டிருப்பவர்களே ஓட்டுப் போட வேண்டும். அதனால் வர்க்கமூலத்தை முதல் கூட்டத்திலேயே எடுக்காதீர்கள். வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு 60 நாள் முன்பே வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பிறகு பூட்டிவிட வேண்டும் என்ற ஒரே தீர்மானத்தை மட்டும் கொண்டுபோங்கள். அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.