வானத்தில் விழும் பட்டைகள்: எம்பிவி பற்றி வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கட்டளை தட்டி இயக்கும் எம்பிவி வீடியோ பிளேயரைப் பற்றியவை. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். நாங்கள் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள். -- என்ற இரட்டைக் கோட்டில் தொடங்குபவற்றை, எம்பிவி என்ற சொல்லுக்கும் கோப்பின் பெயருக்கும் நடுவில் எழுதுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் திருகோணமலைச் சுவாமி மலையில் நின்று கடலைப் பார்த்து ஃபோனில் எடுத்த வீடியோ. மடிக்கணினியில் போட்டால் வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. டிதரிங் போட்டால் போய்விடும் என்றார்கள். போட்டும் போகவில்லை. ஏன்?
– வாசகி, உப்புவெளி

பதில்: பட்டை கோப்பிலேயே இருக்கிறதா, திரைக்கு வரும் வழியில் உண்டாகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

வழக்கமான 8 பிட் வீடியோவில் ஒளிர்வுக்கு 16 முதல் 235 வரை, அதாவது 220 படிகள்தான் உண்டு. விடியல் வானம் மிக மெதுவாக நிறம் மாறும். அந்த மாற்றம் முழுவதும் 36 படிகளுக்குள் அடங்கி, வானம் 540 புள்ளி (பிக்சல்) உயரத்துக்குப் பரந்திருந்தால் ஒவ்வொரு படியும் 15 புள்ளி அகலப் பட்டையாகிவிடும். கமெரா படத்தில் மணல் தூவியது போல் இயல்பாக விழும் இரைச்சல் இதை மறைக்கக்கூடியது. ஆனால் கோப்பைச் சுருக்கும்போது முதலில் துடைக்கப்படுவதே அந்த இரைச்சல்தான்.

டிதரிங் செய்வது வேறு வேலை. வீடியோவின் நிறங்களைத் திரையின் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மாற்றும்போது பின்ன எண்கள் வரும். அவற்றை அப்படியே முழு எண்ணாக்கினால் புதிய பட்டைகள் பிறக்கும். டிதரிங் அந்தப் பிழையை அக்கம்பக்கப் புள்ளிகளில் சிதறடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிறது. கோப்பிலேயே தொலைந்துபோன படிகளை அதனால் மீட்க முடியாது.

சோதிக்கும் முறை இது. வானம் தெரியும் இடத்தில் இடைவெளி விசையை அழுத்தி நிறுத்துங்கள். எண் 1க்கு இடப்புறம் உள்ள விசையை அழுத்தினால் கட்டளைப் பெட்டி திறக்கும். அதில் சைக்கிள்-வால்யூஸ் டிதர்-டெப்த் நோ 8 என்று தட்டி என்டர் கொடுங்கள். மேல் அம்புக்குறியும் என்டரும் அழுத்த அழுத்த டிதரிங் மாறி மாறி வரும். பட்டை அப்படியே நின்றால் குற்றம் கோப்பில் இருக்கிறது. எஸ்கேப் அழுத்திப் பெட்டியை மூடிவிட்டு ‘பி’ விசையை (பந்துக்கு வரும் பி, நிறுத்தும் பி அல்ல) அழுத்துங்கள். பட்டைகளைக் கரைக்கும் டீபேண்ட் வசதி இயங்கத் தொடங்கும். உங்கள் வீடியோவுக்கு வேண்டியது பெரும்பாலும் இதுதான்.

போதவில்லை என்றால் --டீபேண்ட்-இட்டரேஷன்ஸ்=2 என்று கூட்டிப் பாருங்கள்; 4க்கு மேல் போவதில் பயனில்லை. --டீபேண்ட்-த்ரெஷோல்ட் என்பதை உயர்த்தினால் பட்டை இன்னும் கரையும். ஆனால் அலை நுனியும் தொலைவில் நிற்கும் வள்ளங்களின் விளிம்பும் கூடவே மழுங்கும். வானத்துக்காகக் கடலைக் கெடுத்துவிடாதீர்கள்.

டிதரிங் போட்டபின் படம் முன்னையிலும் அசிங்கமாகி, மணல் தூவியது போல் துடித்தால் திரையைச் சந்தேகியுங்கள். மலிவான மடிக்கணினித் திரைகள் பலவற்றில் நிறத்துக்கு 6 பிட், அதாவது 64 படிகள்தான். மீதியைக் காட்ட அவை தாமாகவே டிதரிங் செய்கின்றன. இரண்டும் மோதும்போது இப்படி ஆகும். --டிதர்-டெப்த்=6 வைத்துப் பாருங்கள்; சரிவராவிட்டால் நோ.

டிதரிங் வகையை மாற்ற --டிதர்= என்பதற்குப் பின் ஃப்ரூட், ஓர்டர்ட், எரர்-டிஃப்யூஷன் என்று கொடுக்கலாம். எதுவும் கொடுக்காவிட்டால் ஃப்ரூட்தான். 8 பிட் திரையில் அதுவே தாராளம். எரர்-டிஃப்யூஷன் கிராஃபிக்ஸ் சில்லுக்குச் சுமை ஏற்றும்; அந்த அளவுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: மெசேஜ் செயலி வழியாக அனுப்பிய பிரதியைத் திருத்த மெனக்கெடாதீர்கள். கேபிளைப் போட்டு ஃபோனிலிருந்து மூலக் கோப்பை எடுங்கள். ‘ஐ’ விசையை அழுத்தினால் வரும் விவரத்தில் வடிவத்தின் பெயர் 420பி10 என்று முடிந்தாலோ, பி010 என்று இருந்தாலோ அது 10 பிட் கோப்பு. அதில் நிறத்துக்கு 1024 எண்கள் உண்டு. டிதரிங்கின் முழுப் பயனும் அங்கேதான் தெரியும்.

கேள்வி: டெம்பொரல்-டிதர் போட்டால் இன்னும் நல்லது என்று கேள்விப்பட்டேன். இருட்டுக் காட்சிகளில் திரை மினுங்குகிறது.
– வாசகர், நிலாவெளி

பதில்: அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிரேமிலும் புள்ளிக் கோலத்தைத் திருப்பிப் போடும் வசதி அது. எல்சிடி திரை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால்தான் மினுங்கல்.

கேள்வி: பழைய கணினியில் லினக்ஸ் இருக்கிறது, டெஸ்க்டொப் இல்லை, கறுப்புத் திரையும் எழுத்தும் மட்டும்தான். வீடியோ பார்க்க முடியுமா?
– வாசகர், மூதூர்

பதில்: நன்றாகவே முடியும். எம்பிவி --வீஓ=டிஆர்எம் என்று எழுதி, பின்னால் கோப்பின் பெயரைக் கொடுங்கள். படம் நேரே திரைக்குப் போகும். அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை ‘வீடியோ’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். டெஸ்க்டொப் இயங்கும் கணினியில் இதே கட்டளை தோற்கும். திரையின் பிடி அப்போது டெஸ்க்டொப்பிடம் இருக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி வேறு முனையத்துக்கு (கட்டளை தட்டும் எழுத்துத் திரைக்கு) போய்ச் செய்யுங்கள்.

படம் தடக்கினால் --ப்ரொஃபைல்=ஃபாஸ்ட் சேர்க்கலாம். அது டிதரிங்கையும் உயர்தர அளவு மாற்றத்தையும் நிறுத்திவிடும். --ஹெச்டபிள்யூடெக்=ஓட்டோ-சேஃப் என்பது கிராஃபிக்ஸ் சில்லில் வசதி இருந்தால், சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையை அதனிடம் கொடுக்கும். ‘ஐ’ அழுத்தி, தவறவிட்ட பிரேம்களின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

தொலைவிலுள்ள கணினியின் முனையத்துக்குள்ளேயே பார்க்க --வீஓ=டிசிடி உண்டு. அது ஓர் எழுத்துக் கட்டத்தை மேல், கீழ் என இரண்டு புள்ளியாக்கும். ஆகவே 80க்கு 24 முனையத்தில் கிடைப்பது 80க்கு 48 புள்ளிப் படம். --கொயட் சேர்க்காவிட்டால் நேர வரி இடையில் வந்து படத்தைக் குழப்பும். முனையத்திலேயே படம் வரையும் சிக்ஸெல் முறை தெரிந்த முனையமானால் --வீஓ=சிக்ஸெல் நல்லது. அங்கே நிறங்கள் குறைவு என்பதால் டிதரிங் வகை கண்ணுக்கு நன்றாகவே தெரியும். --வீஓ-சிக்ஸெல்-டிதர்=எஃப்எஸ் என்பது ஃப்ளோயிட், ஸ்டைன்பெர்க் இருவரும் 1976இல் வெளியிட்ட முறை. ஒரு புள்ளியின் பிழையில் 16இல் 7 பங்கு வலப்புறத்துக்கும், 3, 5, 1 பங்குகள் கீழ்வரிசையில் இடம், நேர்கீழ், வலம் என மூன்று புள்ளிகளுக்கும் போகும். உங்கள் எம்பிவியில் எவையெல்லாம் உள்ளன என்பதை --வீஓ=ஹெல்ப் காட்டும்.

கேள்வி: வகுப்பில் புரொஜெக்டரில் போட்டால் கறுப்பு சாம்பலாக வெளிறுகிறது. படமும் மடிக்கணினியிலேயே நின்றுவிடுகிறது.
– ஆசிரியை, கிண்ணியா

பதில்: கறுப்பை 0 என்று எதிர்பார்க்கும் கருவிக்கு 16 போனால் வெளிறும், 16ஐ எதிர்பார்ப்பதற்கு 0 போனால் இருட்டு மொத்தமும் அடைத்துக்கொள்ளும். --வீடியோ-அவுட்புட்-லெவல்ஸ்=ஃபுல் என்றும் பிறகு லிமிட்டெட் என்றும் வைத்து ஒப்பிடுங்கள். புரொஜெக்டரின் மெனுவிலும் இதே தெரிவு இருக்கலாம். இரண்டில் ஓரிடத்தில் மட்டும் மாற்றுங்கள். படத்தை முழுத்திரையாக அங்கே அனுப்ப --எஃப்எஸ் --எஃப்எஸ்-ஸ்க்ரீன்=1 கொடுங்கள். திரைகளை 0இலிருந்து எண்ணுவதால் 1 என்பது இரண்டாவது திரை.

கேள்வி: தமிழ் வசனவரி ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: பாமினியில் தட்டிய கோப்பாக இருக்கும். பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியது. யுனிகோடுக்கு மாற்றி யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். அதன்பின் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுங்கள்.

கேள்வி: இவற்றை ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டுமா?
– வாசகர், சல்லி

பதில்: வேண்டாம். லினக்ஸில் உங்கள் ஹோம் கோப்புறையிலுள்ள .கொன்ஃபிக்/எம்பிவி என்பதற்குள் எம்பிவி.கொன்ஃப் என்றொரு கோப்பை உருவாக்கி, இரட்டைக் கோடு இல்லாமல் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்: டிதர்-டெப்த்=8, எஃப்எஸ்=யெஸ். டீபேண்டை மட்டும் அங்கே எழுதாதீர்கள். தேவைப்படும் வீடியோவில் ‘பி’ அழுத்தினால் போதும்.