மாதுளை ஏன் கறுத்தது?

(ஸ்டுடியோவில் டச்சிங், கலரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

ஐயா, பித்தளைச் செம்பு, மாதுளை, வாழையிலை வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஸ்டில் லைஃப் எடுத்து, கையால் கலர் கொடுத்தேன். செம்பு சுமாராக வந்தது. மாதுளைக்கு எத்தனை தடவை சிவப்பு கொடுத்தும் கரிக்கட்டை மாதிரியே இருக்கிறது. என்ன செய்வது?
– ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

கலரில் குறையில்லை அம்மா, பிரிண்டில்தான் குறை. போட்டோ கலர் அடியில் இருப்பதை மறைக்காது. வெளிச்சம் அதற்குள் புகுந்து, பேப்பரின் வெள்ளையில் பட்டுத் திரும்பினால்தான் சிவப்பு சிவப்பாகத் தெரியும். அங்கே படத்தைக் கறுப்பாக்கும் வெள்ளித் துகள் கெட்டியாகப் படிந்து கறுத்திருந்தால் திரும்புவதற்கு வெளிச்சம் ஏது? டியூபையே பிதுக்கினாலும் கறுப்புதான். அதனால் கலர் கொடுக்கப்போகிற பிரிண்டைக் கொஞ்சம் வெளுப்பாக, கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்) குறைத்துப் போடுங்கள். பார்க்கிறவர்கள் ‘என்ன, சோகையாக இருக்கிறதே’ என்றால் அது கலருக்குத் தோதான பிரிண்ட்.

பாதி வினை படம் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. அந்தக் காலத்து ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. (சாதா பிரிண்ட் பேப்பருக்கும் தெரியாது, டார்க் ரூமில் சிவப்பு பல்பு எரிவது அதனால்தான்.) இப்போது வரும் பான்குரோமேட்டிக் ஃபிலிமுக்குத் தெரியும் என்றாலும், அடர் சிவப்பு மாதுளை கறுப்பாகத்தான் விழும். லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் பழம் வெளுக்கும். 25ஆம் நம்பர் சிவப்பு ஃபில்டர் இன்னும் வெளுப்பாக்கும். ஆனால் 3 ஸ்டாப் எக்ஸ்போஷர் (அதாவது எட்டு மடங்கு வெளிச்சம்) கூட்ட வேண்டும், வாழையிலையும் கறுத்துவிடும். உங்கள் படத்துக்கு நானாக இருந்தால் ஆரஞ்சோடு நிறுத்திக்கொள்வேன்.

கலர் கொடுத்து முடிக்கும்வரை அந்த மாதுளையைத் தின்றுவிடாதீர்கள்! ஆள் படம் என்றால் கவர் மேல் ‘புடவை அரக்கு, பார்டர் பச்சை’ என்று குறித்துக்கொள்வோம். ஸ்டில் லைஃபுக்குப் பொருளே எதிரில் இருக்கலாமே. செம்பின் வயிற்றைப் பாருங்கள். பழம் இருக்கிற பக்கம் ஒரு கீற்று சிவப்பு விழுந்திருக்கும். பிரிண்டில் அது வெறும் சாம்பல். அந்தக் கீற்றைக் கொடுத்தால்தான் செம்பும் பழமும் ஒரே மேஜையில் இருப்பதாகத் தோன்றும். செம்பில் பளிச்சென்று அடிக்கிற வெள்ளைப் புள்ளியை மட்டும் தொடாதீர்கள். மஞ்சள் பட்டுவிட்டால், காய்வதற்குள் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் எடுத்துவிடுங்கள்.

வாட்டர் கலர் நல்லதா, ஆயிலா? பளபளப்பான பேப்பரில் ஆயில் கலர் நிற்காமல் வழுக்குகிறது.
– வாசகர், திண்டுக்கல்

பளபளப்பான ஆர்.சி. பேப்பரில் (பிளாஸ்டிக் பூசியது) ஆயிலுக்குப் பிடிமானம் கிடையாது. பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் பேப்பர், அதிலும் பளபளப்பில்லாத மேட் வேண்டும். அப்போதெல்லாம் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பேப்பர் இருந்தது. இப்போது இல்ஃபோர்டு ஃபைபரில் மேட் என்று கேட்டு வாங்குங்கள், விலைதான் கடிக்கும்.

வாட்டர் கலர் பேப்பர் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சுக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுப்பது கஷ்டம். ஆயிலைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். புதிதாகக் கற்பவருக்கு ஆயில்தான். போட்டோவுக்கென்றே செய்த மார்ஷல் போட்டோ ஆயில் கிடைக்காவிட்டால் ஓவியர்கள் வாங்கும் டியூபிலேயே அலிசரின் கிரிம்சன், விரிடியன், பிரஷ்யன் புளூ போன்ற ஊடுருவித் தெரியும் கலர்களை வாங்குங்கள். பல டியூப்களில் சின்னக் கட்டம் போட்டிருப்பார்கள். கட்டம் காலியாக இருந்தால் எடுங்கள், நிரம்பியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். காட்மியம் கலர்களும் வெள்ளையும் படத்தை மூடிவிடும்.

பிரஷ் வேண்டாம். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, கடுகளவு கலர் தொட்டு, வட்டமாகத் தேயுங்கள். பிறகு சுத்தமான பஞ்சால் பாதியைத் துடைத்து எடுங்கள். முதலில் பின்னணி, அப்புறம் பெரிய பொருள், கடைசியில் காம்பும் ஓரமும். காய்ந்து இறுகப் பல நாள் ஆகும், தூசி படாமல் வையுங்கள்.

இது ஸ்டுடியோக்காரர்களின் கூலி வேலைதானே, கலை என்று சொல்லலாமா?
– வாசகர், மதுரை

கூலி வேலைதான், யார் இல்லை என்றார்கள்? 1860களில் யோகோஹாமாவில் ஃபெலிஸ் பியாட்டோ என்ற போட்டோகிராபர் எடுத்த படங்களுக்கு ஜப்பானிய ஓவியர்கள்தான் வாட்டர் கலர் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வாலஸ் நட்டிங் என்பவர் 1900களின் தொடக்கத்தில் பழைய வீடுகளின் கணப்படுப்பு, ராட்டை, பீங்கான் சாமான் எல்லாம் படமெடுத்து, பெண்களைச் சம்பளத்துக்கு வைத்துக் கலர் கொடுத்து விற்றார். படத்தின் கீழே இருக்கும் அவர் கையெழுத்தைக்கூடப் பெரும்பாலும் அந்தப் பெண்கள்தான் போட்டார்கள். ‘கலையா?’ என்று அவர்களிடம் கேட்டிருந்தால், இன்றைக்கு எத்தனை பிரிண்ட் பாக்கி என்றுதான் பதில் வந்திருக்கும்.

தாத்தா எடுத்த பூ ஜாடிப் படம் வீட்டில் இருக்கிறது. அதன் மேலேயே கலர் கொடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

கூடவே கூடாது. காப்பி எடுத்து அதில் விளையாடுங்கள். ஸ்கேன் செய்து மேட் ஆர்ட் பேப்பரில் பிரிண்ட் எடுத்தால் கலர் பென்சில் நன்றாகப் பிடிக்கும். சாதாரண இங்க்ஜெட் மை என்றால் தண்ணீர் மட்டும் படக்கூடாது, மை ஓடிவிடும்.