தந்தி, ரேடியோ ஆபரேட்டர்களின் சுருக்கக் குறியீடுகளுக்கு என்ன பொருள்? இன்றும் யாராவது அவற்றைப் பயன்படுத்துகிறார்களா?

இந்தியாவில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ரேடியோவில் இன்றும் பயன்படுத்துகிறோம். குன்னூரில் என் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கம்பி இழுத்துக் கட்டி, பொழுதுபோக்குக்காக நடத்தும் ஹாம் ரேடியோவில், எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் தட்டுகிறவன் நான். ஆனால் இந்தக் குறியீடுகள் எனக்கு முதலில் அறிமுகமானது அப்பாவிடம். இதே மலையில் ஒரு தபால் அலுவலகத்தில் தந்தி அடித்தவர் அவர்.

தந்திக்குச் சொல் கணக்கில் காசு. அதனால் வாழ்த்துகளுக்கெல்லாம் எண் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு 8 என்று எழுதிக் கொடுத்தால் போதும். கம்பியில் அந்த எண் மட்டும் போகும். அந்தப் பக்கத்து அலுவலகத்தில், நீண்ட இனிய இல்லற வாழ்வுக்கு வாழ்த்துகள் என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தை முழுதாக எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பிரிப்பதற்கு முன்பே அழுத காலம் அது.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மோர்ஸில் 8 என்பது மூன்று கோடு, இரண்டு புள்ளி. 9 என்பது நான்கு கோடு, ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி சற்று நீண்டால் எண் மாறிவிடும். கோத்தகிரியில் என் அத்தை மகளுக்குக் கல்யாணம், வைகாசி மாதம். சமவெளியிலிருந்து மாமா ஒருவர் அனுப்பிய வாழ்த்து, பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் தாத்தா சத்தமாகப் படிக்கச் சொன்னார். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்! 9ஆம் எண்ணுக்கு உரிய வாசகம் அதுதான். அந்தத் தந்தி அப்பாவின் கை வழியாக வந்ததல்ல. ஆனாலும் அன்று முழுவதும் சம்பந்தி வீட்டார் அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்பாவோ, எண் உள்ள தந்தி என்றால் கடைசியில் அதை இன்னொரு முறை அடித்துக் காட்டாமல் விடமாட்டார். “எழுத்து தப்பினால் ஊகித்துக்கொள்ளலாம். எண் தப்பினால் எதைப் பார்த்து ஊகிப்பது?” என்பார்.

ரேடியோக்காரர்களுக்குக் காசு சிக்கலில்லை, மொழிதான் சிக்கல். ஒவ்வொரு கப்பலிலும் ஒவ்வொரு மொழி. ஆகவே 1912 லண்டன் மாநாட்டில், க்யூ எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளை நாடுகள் ஏற்றுக்கொண்டன. க்யூஆர்எம் என்றால் வேறு நிலையம் குறுக்கிடுகிறது. க்யூஆர்என் என்றால் இடி, மின்னல் கிளப்பும் இரைச்சல். சித்திரை மாத மாலைகளில் எனக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான். மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளத் தொடங்கியதும் க்யூஆர்டி, அதாவது நிறுத்திக்கொள்கிறேன் என்று அடித்துவிட்டு ஆன்டெனாவைக் கழற்றிவிடுவேன். குறிக்குப் பின்னால் கேள்விக்குறி சேர்த்தால் அதுவே கேள்வியாகிவிடும். க்யூடிஹெச் என்றால் என் ஊர் இது. கேள்விக்குறியோடு வந்தால் உங்கள் ஊர் எது. ஜப்பான்காரர் ஒருவரோடு அரைமணி நேரம் இப்படிப் பேசியிருக்கிறேன். நேரில் சந்தித்திருந்தால் இருவரும் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருப்போம்.

விடைபெறும்போது அடிக்கும் 73, அமெரிக்கத் தந்திக்காரர்களிடமிருந்து வந்தது. கடிதத்தின் அடியில் ‘அன்புடன்’ என்று எழுதுவதுபோல. 88 என்றால் அன்பு முத்தங்கள். உரிமம் வாங்கிய புதிதில் பதற்றத்தில் நான் 88 அடித்துவிட்டேன். மறுமுனையில் இருந்தவரோ ஓய்வுபெற்ற கப்பல்காரர். நான்கு புள்ளி, இரண்டு புள்ளி. மறுபடியும் நான்கு, இரண்டு என்று பதில் வந்தது.

அப்பா பக்கத்து நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் பழகியது பித்தளைக் கருவியின் ‘டக் டக்’. ரேடியோவில் வருவதோ விசில்போல ஒரு ஒலி. ஆனாலும் நான் எழுதி முடிப்பதற்குள் பிடித்துவிட்டார்.

“ஹெச், ஐ என்று இரண்டு தடவை அடிக்கிறானே, என்னடா அது?”

“சிரிக்கிறார் அப்பா. மோர்ஸில் அதுதான் சிரிப்பு.”

“எங்கள் ஆபீஸாக இருந்தால் இரண்டு சொல்லுக்குக் காசு வாங்கியிருப்போம்.”