மூன்றாவது கட்சிக்குப் போடும் வாக்கு வீணா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து முதல்முறையாக வாக்களிக்கப் போகிறேன். இரண்டு பெரிய கட்சிகள் மீதும் நம்பிக்கை இல்லை. மூன்றாவது கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணாகுமா? அப்படி ஒரு கட்சி வளர வழி உண்டா?

பதில்: எந்த மாநிலத்தில், எந்தப் பதவிக்கு என்பதைப் பொறுத்தது.

அதிபர் பதவி என்றால் வெற்றியை மறந்துவிடுங்கள். 1992-இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 18.9% வாக்கு வாங்கினார். ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும், மாநிலவாரியாக அமையும் தேர்வாளர் குழுவில் ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. 1968-இல் மூன்றாவது கட்சி வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5%தான், ஆனால் 46 தேர்வாளர் வாக்குகள். அவருடைய ஆதரவு தெற்கு மாநிலங்களில் குவிந்திருந்தது. பெரோவுடையது நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. 48 மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே அத்தனை தேர்வாளர்களும். யாருக்கும் பெரும்பான்மையான 270 தேர்வாளர் வாக்குகள் கிடைக்காமல் போனால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு, வெல்ல 26 வேண்டும். அந்தச் சபையிலோ இருப்பது இரண்டு கட்சிக்காரர்கள்.

முடிவை மாற்றும் ஆற்றல் வேறு விஷயம். 2000-இல் ஃபுளோரிடாவில் மூன்றாவது கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் 97,488 வாக்கு வாங்கினார். புஷ் அங்கே ஜெயித்து அதிபரானது 537 வாக்கு வித்தியாசத்தில். இழுபறி மாநிலத்தில் இருப்பவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். டெக்சாஸில் 2024-இல் டிரம்ப்பின் முன்னிலை 13 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல். அந்த நிலை தொடரும்வரை அதிபர் தேர்தலில் உங்கள் வாக்கு யாரையும் கவிழ்க்காது, மனம்போல் போடலாம்.

அந்த வாக்குக்கு உள்ள நேரடிப் பயன், கட்சியின் பெயர் அடுத்த வாக்குச்சீட்டிலும் இருப்பதுதான். டெக்சாஸ் சட்டப்படி, கடந்த ஐந்து பொதுத் தேர்தல்களில் ஒன்றிலாவது மாநில அளவிலான ஏதேனும் ஒரு பதவிக்கு 2% வாங்கியிருந்தால் கட்சிக்கு இடம் நிலைக்கும். சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நிற்பவருக்கு நிலைமை கொடுமை: 2024-இல் 1.13 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள், அதுவும் மே மாதத்துக்குள். அந்த ஆண்டு பிரைமரியில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதற்கட்டத் தேர்தலில்) வாக்களித்தவர் போட்ட கையெழுத்து செல்லாது. ஆகவே சுயேச்சை ஒருவரின் மனுவில் கையெழுத்திடும் எண்ணம் இருந்தால் அந்த ஆண்டு பிரைமரிப் பக்கம் போகாதீர்கள். டென்னசியில் இதே பதவிக்கு 275 கையெழுத்து போதும்! விதியை மாநிலங்கள் எழுதுகின்றன, மாநிலங்களை இரண்டு கட்சிகள் ஆள்கின்றன. மூன்றாவது கட்சியின் பாதிப் பணமும் உழைப்பும் வாக்காளரைச் சந்திப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.

நாடு முழுவதும் 5% தாண்டினால் அடுத்த அதிபர் தேர்தலுக்கு அரசு நிதி உண்டு. பெரோ 1996-இல் 8.4% வாங்கியதால் அவருடைய ரிஃபார்ம் கட்சிக்கு 2000-இல் சுமார் 1.26 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்துக்காக உட்கட்சிச் சண்டை மூண்டது. வேட்பாளர் பேட் புக்கனன் வாங்கியது 0.4%. கீழே கிளைகள் இல்லாமல் ஒரு பிரபலத்தை நம்பிக் கட்டிய கட்சிக்கு வேறு கதி இல்லை.

பெரிய கட்சியோடு கூட்டணி வைத்துத் தொகுதி வாங்கலாமே என்றால், அங்கே வேட்பாளரை முடிவு செய்வது தலைமை அல்ல, பிரைமரி வாக்காளர்கள். பேரம் பேச ஆள் இல்லை. நியூயார்க்கில் ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தி வாக்குகளைக் கூட்டிக்கொள்ளும் முறை உயிரோடிருக்கிறது; கனெக்டிகட் போல வேறு சில இடங்களிலும் உண்டு. பிற மாநிலங்கள் அதைத் தடை செய்வது செல்லும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வளர வழி திறந்திருப்பது மெய்ன், அலாஸ்கா போன்ற இடங்களில். அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். உங்கள் முதல் விருப்பம் தோற்று வெளியேறினால் வாக்கு இரண்டாவதுக்குப் போகும். வாக்கு வீணாகும் என்ற பயம் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆனால் ஃபுளோரிடா, டென்னசி முதலான மாநிலங்கள் இம்முறையைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன.

டெக்சாஸில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிய வேண்டும். வாக்குச்சீட்டில் நீங்களாக ஒரு பெயரை எழுதினால், அவர் முன்கூட்டியே அறிவித்துப் பதிந்தவராக இருந்தால்தான் எண்ணுவார்கள். நகராட்சித் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. பல ஊர்களில் அவை மே மாதம் நடக்கும், வாக்களிக்க வருவோரும் குறைவு. இரண்டு கட்சிக்கும் வெளியே உள்ள ஒருவரை உண்மையிலேயே ஜெயிக்க வைக்க நினைத்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.