‘டாங்கே’ என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள்

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்கு வந்து, மியூன்ஸ்டர் நகருக்கு அருகில் ஒரு குடும்பத்துடன் தங்கியிருக்கிறேன். பத்து நாள்கள் ஆகின்றன. என்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. இரவில் ரொட்டியும் சீஸும்தான் சாப்பாடு. இன்னும் வேண்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்கிறார்கள். நான் ‘டாங்கே’, அதாவது நன்றி, என்றதும் எடுத்துவைத்துவிடுகிறார்கள். பசியோடு படுக்கிறேன். எல்லோரும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நேற்று அந்த அம்மா, நான் அதிக நேரம் குளிக்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறு குடும்பத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பதில்: அன்பு மகளுக்கு,

முதலில் உன் பசிக்கு வழி பார்ப்போம். ஜெர்மனியில் ஒருவர் உணவை நீட்டி வேண்டுமா என்று கேட்கும்போது, வெறுமனே ‘டாங்கே’ என்று சொன்னால் ‘நன்றி, வேண்டாம்’ என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் ‘யா, பிட்டே’ அல்லது ‘யா, கெர்னெ’ என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கேட்டவுடனே தட்டை நீட்டத் தயங்குவோம். ‘போதும் அத்தை’ என்போம், ‘இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்’ என்று அவர் வற்புறுத்துவார், அதற்குப் பிறகே வாங்கிக்கொள்வோம். அந்த வற்புறுத்தலை அன்பின் அடையாளமாகவே பார்த்துப் பழகிய உனக்கு, ஒரு முறை கேட்டு நிறுத்திக்கொள்வது அலட்சியமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் அங்கே, வேண்டாம் என்று சொன்னவரை மறுபடியும் வற்புறுத்துவதுதான் மரியாதைக் குறைவு. அந்த அம்மா உன்னை ஒதுக்கவில்லை. நீ சொன்ன சொல்லை அப்படியே நம்பியிருக்கிறார். இன்று இரவே, ‘இத்தனை நாளும் எனக்குப் பசித்தது, நான் தவறான சொல்லைச் சொல்லிவிட்டேன்’ என்று அவரிடம் கூறிவிடு. அவர் பதறிப்போவார் என்பதே என் கணிப்பு.

இரவில் ரொட்டி வைப்பதும் உனக்காகச் செய்த சிக்கனம் அன்று. அந்த உணவின் பெயரே ‘ஆபென்ட்புரோட்’, அதாவது மாலை ரொட்டி. சூடான சாப்பாட்டை நண்பகலில் முடித்துக்கொண்டு, இரவில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய் என்று மேசையில் பரப்பி வைத்து, அவரவர் விருப்பப்படி எடுத்துச் சாப்பிடுவது அங்கே பல குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். யாரும் பரிமாற மாட்டார்கள். நீயே எடுத்துக்கொள்ள வேண்டும், எத்தனை துண்டு என்று எவரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். நீ உண்ணாத இறைச்சி எது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடு.

குளியல் பற்றி அவர் நேராகச் சொன்னது உன்னைச் சுட்டிருக்கிறது. வெந்நீருக்கு ஆகும் செலவு அங்கே பெரிது. 2022-இல் ரஷ்ய எரிவாயு வரத்து சுருங்கி விலை ஏறியபோது, சுருக்கமாகக் குளிப்பது பற்றி நாடு முழுவதும் பேசினார்கள். ஆனால் நீ கவனிக்க வேண்டியது, குறையை அவர் உன்னிடமே சொன்னார் என்பதை. நம் ஊரில் ஒருவரை நோகடிக்கக் கூடாது என்று சுற்றி வளைத்துச் சொல்வோம், அல்லது மூன்றாம் மனிதர் வழியாகச் சொல்லியனுப்புவோம். அங்கே நேரே சொல்லி முடித்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அடுத்த நாள் காலையில் அவர் மனத்தில் அது இருக்காது. எத்தனை நிமிடம் குளிக்கலாம் என்று நீயே கேட்டுக்கொள். கதவு சாத்தியிருப்பதும் கோபத்தால் அன்று. அங்கே அது சாதாரணப் பழக்கம். தட்டிவிட்டு உள்ளே போகலாம்.

இன்னொன்று, நீ எழுதாதது. அவர்களை நீ எப்படி அழைக்கிறாய்? உன் வயதுப் பிள்ளையிடம், தங்களைப் பெயர் சொல்லி ‘டு’ என்றே, அதாவது ‘நீ’ என்றே, அழைக்கும்படி பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். பெற்றோர் வயதுடையவரைப் பெயரிட்டு அழைக்க நம் நாக்கு கூசும். அதனால் பெயரும் சொல்லாமல் உறவும் சொல்லாமல், எதிரில் வந்து நின்றால்தான் பேசுவது என்று பத்து நாளை ஓட்டியிருந்தாலும் வியப்பதற்கில்லை. நானும் ஒரு காலத்தில் அங்கே அப்படித்தான் இருந்தேன். நமக்கு மரியாதையாகத் தோன்றும் அந்த மௌனம் அவர்களுக்கு விலகலாகத் தெரிகிறது. உனக்குப் பிடிக்கவில்லையோ என்று அவர்களும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கக்கூடும். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் பணம் பெறாமல், விரும்பியே பிள்ளைகளை ஏற்றுக்கொள்கின்றன என்பதையும் நினைத்துப் பார்.

குடும்பத்தை மாற்றக் கேட்கலாமா? கேட்க உனக்கு உரிமை உண்டு. உன்னைக் கவனித்துக்கொள்ள உன் திட்டத்தின் சார்பில் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவருடைய எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வை. எவராவது உன்னை அச்சுறுத்தினாலோ, தகாத முறையில் நடந்தாலோ, வேண்டுமென்றே பட்டினி போட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே. அந்தப் பொறுப்பாளரை அழை, ஆபத்தென்றால் காவல்துறைக்கு 110. ஆனால் நீ எழுதியிருப்பவற்றில் அப்படி எதையும் நான் காணவில்லை. இன்னும் மூன்று வாரம் பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்பேன். அந்த மூன்று வாரமும் பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் சென்று ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே இருந்துவிடாதே. சமையலறையில் நின்று காய் நறுக்கக் கேள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதம் செய்து தருவதாகச் சொல். அரிசி, எலுமிச்சை, கடுகு, மஞ்சள்தூள் எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும், ஏனென்றால் ஞாயிறன்று அங்கே கடைகள் அடைத்திருக்கும். கறிவேப்பிலை கிடைக்காவிட்டால் பரவாயில்லை. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து சமையலறைக் கதவைச் சாத்திவிடு. ஜெர்மன் வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம், நம் கடுகும் மிளகாயும் வெடிக்கும் புகைக்கு அது அலறிவிடக்கூடும்.