இரண்டாவது பார்சல் யாருடையது? கேள்வி பதில்

திருப்பூரில் ஆன்லைனில் பனியன், டி-ஷர்ட் விற்கும் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தவறி வந்த பொருள், தவறி வந்த பணம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மிக்ஸிதான் ஆர்டர் போட்டேன், இரண்டு வந்திருக்கிறது. அவர்கள் செய்த தப்புக்கு நான் ஏன் அலைய வேண்டும்?

அலைய வேண்டாம், சொன்னால் போதும். ஆப்பில் அந்த ஆர்டரைத் திறந்து, "ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கொரியர் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது, அதைக் கறாராகவே சொல்லலாம். அதுவரை பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்திருங்கள். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72ஆவது பிரிவில் சொல்கிறது. தப்பு கொடுத்தவருடையதாக இருந்தாலும் இதுதான் விதி.

அண்ணா, பார்சல் வரவில்லை என்று புகார் செய்து ரீஃபண்ட் வாங்கிவிட்டேன். நாலு நாள் கழித்துப் பார்சலும் வந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லையே?

புகார் செய்த அன்று நீங்கள் சொன்னது உண்மைதான், தம்பி. பார்சலைக் கையில் வாங்கிய பிறகு அது உண்மையாக இல்லை. நீங்கள் பேசாமல் இருந்தால் அந்தப் பழைய புகார் அப்படியே நிற்கும், அதற்கு ஒருவர் பணம் கட்டுவார்.

அது யார் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு தம்பதி, வீட்டு முன்னறையிலேயே பேக்கிங் செய்கிறார்கள். கணவர் லேபிள் ஒட்டுவார், மனைவி சைஸ் பார்த்து மடித்து வைப்பார். விற்ற பணத்துக்கு ஆப் கம்பெனி அனுப்பும் கணக்குத் தாள், அதாவது செட்டில்மென்ட் ஷீட், வரும் அன்று இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்து மைனஸ் போட்ட வரிகளைத்தான் முதலில் தேடுவார்கள். ஒரு முறை 640 ரூபாய் குழந்தை உடை செட் ஒன்றுக்கு, வாங்கியவருக்கு ரீஃபண்ட் கொடுத்ததாக ஆப் கம்பெனி பணம் பிடித்திருந்தது. சரக்கும் திரும்பி வரவில்லை. ஒரு செட்டில் அவர்களுக்கு நிற்பது 40 ரூபாய். அந்த ஒரு வரியை ஈடுகட்ட இன்னும் 16 செட் விற்க வேண்டும். அந்த அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

ஆப்பின் பெயர் பெரியது என்பதால் நஷ்டமும் பெரிய கம்பெனிக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது இப்படி ஒரு முன்னறைக்குப் போய்ச் சேருகிறது. இன்றைக்கே எழுதுங்கள்: "பொருள் வந்துவிட்டது, ரீஃபண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

போன வருடம் அதே கம்பெனி எனக்கு 1,200 ரூபாய் தராமல் ஏமாற்றியது. இப்போது தவறி வந்ததை அதற்கு ஈடாக வைத்துக்கொண்டால் என்ன?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அன்று உங்களை ஏமாற்றிய விற்பனையாளரும் இன்று பொருள் அனுப்பியவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். பழைய பாக்கிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதை இதோடு கலக்காதீர்கள்.

கடையில் 5 கிலோ எண்ணெய் டின்னுக்குப் பில் போட மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அடுத்த முறை போகும்போது பில்லை எடுத்துப் போய்க் கொடுத்துவிடுங்கள், அம்மா. நான் கவுன்ட்டரில் இருந்தபோது ஒரு நாள் கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. மாதச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். யாருக்கோ மீதிச் சில்லறை அதிகமாகக் கொடுத்திருக்கிறேன். அவர் திரும்பி வருவார் என்று ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், ஆர்டர் செய்யாமல் வந்தது பரிசு என்று சட்டமே சொல்கிறது என்கிறான்.

அங்கே 1970இல் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை. கேட்காத சரக்கைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்டு மிரட்டியவர்களைத் தடுக்க வந்தது அது. அதை இங்கே கொண்டுவர முடியாது. அங்கேயும்கூட, நாம் ஆர்டர் செய்த கடை கை தவறி இன்னொன்று சேர்த்து அனுப்புவதை மிரட்டிப் பறிப்பதோடு ஒன்றாக வைப்பது மனசுக்குச் சரியாகப் படவில்லை.

"உங்களுக்கு ரீஃபண்ட் அதிகமாக வந்துவிட்டது, இந்த நம்பருக்கு அனுப்புங்கள்" என்று போன் வந்தது. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கில் பணம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். ஏறியிருந்தால் ஆப்பின் உதவிப் பகுதியிலோ வங்கியிலோ சொல்லி, வந்த வழியிலேயே திருப்புங்கள். நேர்மையாக இருப்பவர்களைத்தான் இந்த மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப வருத்தம்.

மூன்று முறை எழுதிவிட்டேன், யாரும் எடுக்க வரவில்லை. எத்தனை நாள் காப்பது?

"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் எழுத்தில் சொல்லிவிட்டால் அன்றே அது உங்களுடையது, உறுத்தலே வேண்டாம். பதிலே இல்லையென்றால், ஒரு தேதி குறிப்பிட்டுக் கடைசியாக ஒரு மெயில் போடுங்கள். பெட்டியில் விற்பனையாளரின் முகவரி ஒட்டியிருக்கும், அவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம். அந்தத் தேதி போன பிறகு பயன்படுத்தினால் நான் உங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சட்டப்படி, தவறு தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் அவர்கள் கேட்க முடியும். அதனால் எழுதியதையெல்லாம் அழிக்காமல் வையுங்கள். கெட்டுப்போகும் பொருள் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம், சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.