மான்கள் மேயப் பயிரிடும் ஒன்றரை ஏக்கருக்கு, ஏ.டி.வி.யில் (மேடுபள்ளத்தில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) பொருத்தும் களைக்கொல்லித் தெளிப்பான் வாங்க வேண்டும்: 25 கேலன் தொட்டியா, 15 கேலனா? பூம் அவசியமா?

15 கேலன் போதும். பூம், அதாவது நாசில்கள் என்ற தெளிப்பு முனைகளை வரிசையாகத் தாங்கும் குறுக்குக் கம்பி, அவசியம். இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் "பெரிய தொட்டி, பூம் இல்லாத நாசில், ஒரே ஓட்டத்தில் முப்பது அடி அகலம் அடிக்கும் மாடல் பிடித்திருக்கிறது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அதே மாதிரி ஒன்றைத்தான் நான் வாங்கினேன். அதை வைத்துப் பக்கத்து நிலத்துப் பெண்மணியின் திராட்சைக் கொடிகளைப் பாழாக்கினேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அமெரிக்காவில் அண்மையில் நிலம் வாங்கியவர், வார இறுதிகளில் மட்டும் போய்வருபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. காரணம் கீழே வருகிறது.

என் நிலம் மிசௌரி மாநிலத்தில் ஹெர்மன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மேடும் பள்ளமுமான 38 ஏக்கர். ஹெர்மன் 1837-இல் ஜெர்மானியக் குடியேறிகள் நிறுவிய ஊர். மிசௌரி ஆற்றங்கரைச் சரிவுகளில் அந்தக் குடியேறிகள் காலத்திலேயே திராட்சை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். நார்ட்டன் என்ற ரகம்தான் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வத் திராட்சை. இதெல்லாம் நிலம் வாங்கும்போது எனக்குத் தெரியும். ஊரைச் சுற்றிப் பார்க்க வரும் விருந்தினர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்வேன். ஆனால் களைக்கொல்லியைக் கையில் எடுத்த அன்று அது நினைவுக்கு வரவில்லை.

பழைய மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டை எடுத்து, அங்கிருந்த ஃபெஸ்க்யூ புல்லையும் முட்செடிகளையும் கொன்றுவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை குளோவரும் (மான் விரும்பி மேயும் அகன்ற இலைத் தீவனச் செடி) ஓட்ஸும் விதைப்பது என் திட்டம். மே மாத நடுவில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியோடு, அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் 2,4-டியையும் கலந்து அடித்தேன். 25 கேலன் தொட்டி, பின்னால் இரண்டு பூம் இல்லாத நாசில்கள், அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ் கிடையாது. நன்றாக வீச வேண்டும் என்று பம்பின் அழுத்தத்தை முழுவதுமாகத் திறந்துவைத்தேன்.

இனி அந்தக் காரணம். என் அப்பா விருதுநகர்ப் பக்கத்துப் பருத்திக்காரர். கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பொழுது புலரும்போதே வரப்பில் நிற்பார். காற்று எழும்புவதற்கு முன் மருந்தடித்து முடிக்க வேண்டும் என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அப்படியே பின்பற்றி, அதிகாலை ஐந்தரைக்கு, இலை அசையாத நேரத்தில் ஆரம்பித்தேன். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் படுத்திருந்தது. காற்றே இல்லை, இதைவிடப் பாதுகாப்பான வேளை கிடைக்காது என்று நினைத்தேன்.

உண்மையில் அதைவிட ஆபத்தான வேளை இல்லை. மேகமற்ற இரவில் தரை குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழே தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. இதை வெப்பத் தலைகீழாக்கம் என்பார்கள். அந்த நேரத்தில் விழும் நுண்துளிகள் தரையில் படியாமலும் மேலே போய்க் கலையாமலும், குளிர்காற்றோடு சேர்ந்து சரிவில் தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கும். மணிக்கு மூன்று முதல் பத்து மைல் வேகத்தில், யாருடைய தோட்டமும் இல்லாத திசையை நோக்கி நிதானமாக அடிக்கும் காற்று, அசைவே இல்லாத விடியலைவிட நல்லது. அப்பாவைக் குறைசொல்லவில்லை. அவர் முதுகுத் தெளிப்பானால் செடிக்குச் செடி, முழங்கால் உயரத்தில், பெரிய துளியாக அடித்தார். நான் அழுத்தத்தைக் கூட்டியதால் துளி நுண்ணியதாகிப் புகைபோல் பறந்தது. போதாததற்கு நான் வாங்கியது 2,4-டியின் எஸ்டர் வகை. அது வெயில் ஏறினால் படிந்த இடத்திலிருந்தும் ஆவியாகும். அன்று பிற்பகல் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்மணி வந்தார். எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். வந்தவர் என் டிரக்கின் பானெட்மேல் இரண்டு இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நல்ல இலை, உள்ளங்கையை விரித்ததுபோல் அகலமாக, நரம்புகள் தள்ளித் தள்ளி. மற்றது அதே கொடியின் நுனியில் பறித்தது. சிறிய பனையோலை விசிறிபோல் குறுகி மடிந்திருந்தது. நரம்புகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இணையாக ஓடின. ஓரமெல்லாம் ரம்பப் பல். தொட்டால் தோல்போல் தடித்திருந்தது. "இவை என் கணவர் நட்டவை. நீ என்ன அடித்தாய் என்று மட்டும் சொல்" என்றார். கொட்டகைக்குப் போய் டப்பாவை எடுத்துவந்து காட்டினேன். திராட்சைக்குப் பக்கத்தில் பயன்படுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கை அதிலேயே அச்சாகியிருந்தது. இருவரும் சேர்ந்து அதைப் படித்தோம்.

அவர் கொடிகள் இருப்பது என் நிலத்திலிருந்து ஏறக்குறைய முந்நூறு கெஜம் கீழே, நாற்பது கொடிகள். மாநில வேளாண் துறையில் அவர் புகார் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. பணம் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். பிப்ரவரிக் கடைசியில் கவாத்துக் கத்திரியோடு வா என்றார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் போகிறேன். அந்த ஆண்டு காய் பிடிப்பு மிகக் குறைவு, மறு ஆண்டும் சுமார்தான். மூன்றாம் ஆண்டுதான் கொடிகள் தேறின.

"குற்றம் உன்னுடையது, தெளிப்பானை ஏன் பழிக்கிறாய்?" என்று யாராவது கேட்பீர்கள். பெரும்பகுதி என் குற்றம்தான், மறைக்கவில்லை. ஆனால் அழுத்தம் எவ்வளவு என்று காட்டாத, துளியின் அளவைக் கட்டுப்படுத்த முடியாத ஒரு கருவி, விவரம் தெரியாதவன் கையில் தவறு செய்ய எல்லா வசதியும் செய்துகொடுக்கிறது. பூம் இல்லாத நாசில்களுக்கு உரிய இடம் உண்டு: மரங்களுக்கிடையே ஓடும் பாதை, வேலியோரம். பிறர் தோட்டம் அருகில் இருக்கும் திறந்த வயலுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உங்கள் கணக்கு. முதலில் எடை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 25 கேலன் என்றால் தண்ணீர் மட்டுமே 208 பவுண்டு, அதற்குமேல் தொட்டி, பம்ப், பூம். உங்கள் வண்டியின் பின்தட்டில் ஒட்டியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். என்னுடையதில் 175 பவுண்டு. நான் அதை மீறித்தான் ஒரு பருவம் முழுவதும் ஓட்டியிருக்கிறேன். தொட்டி பாதி காலியான பிறகு சரிவில் திரும்பினால், உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுக்கிறது. ஒருமுறை பள்ளப் பக்கத்துச் சக்கரத்தின் மேல் முழுப் பாரமும் போய், மேட்டுப் பக்கச் சக்கரம் மண்ணைவிட்டு எழும்பியதை உணர்ந்தேன். சமதரை என்றால் இழுவைத் தெளிப்பான் வாங்கிப் பெரிய தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்தட்டில் ஏற்றுவதென்றால் 15-க்கு மேல் வேண்டாம்.

ஒன்றரை ஏக்கருக்கு 15 கேலன் எப்படிப் போதும்? நாசில்கள் 20 அங்குல இடைவெளியில் இருக்கும் பூமில், 11002 என்று அளவு எண் இட்ட மஞ்சள் நாசிலை 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில், மணிக்கு 4 மைல் வேகத்தில் ஓட்டினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15 கேலன் விழும். ஒன்றரை ஏக்கருக்கு இருபத்திரண்டரை. இரண்டு முறை நிரப்பினால் முடிந்தது. ஒரு நாசில் நிமிடத்துக்கு 0.2 கேலன், ஐந்து நாசில் கொண்ட பூமுக்கு 1 கேலன். ஆகவே நிமிடத்துக்கு 2.2 கேலன் தள்ளும் சாதாரண 12 வோல்ட் பம்ப் தாராளம். மிச்சம் தொட்டிக்கே திரும்பிப் போய் மருந்தைக் கலக்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 5 கேலன் தள்ளும் பம்ப் என்று விளம்பரம் செய்வதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசில் பிரஷர் கேஜும், காற்றை உள்ளிழுத்துப் பெரிய துளியாக விடும் நாசில்கள் ஒரு செட்டும் வாங்குங்கள். நாசில் ஒன்று சில டாலர்தான். தெளிப்பானிலேயே முக்கியமான உறுப்பும் அதுதான்.

வாங்கியதும் வெறும் தண்ணீரை வைத்து அளந்து பாருங்கள். 204 அடி நீளத்தை அளந்து இரு முனையிலும் குச்சி நட்டு, மருந்தடிக்கும் அதே கியரில் ஓட்டி, எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 35 வினாடி. பிறகு வண்டியை நிறுத்தி, அதே அழுத்தத்தில் ஒரு நாசிலின் அடியில் அளவுக் கோப்பையை 35 வினாடி பிடியுங்கள். கோப்பையில் எத்தனை திரவ அவுன்ஸ் இருக்கிறதோ, ஏக்கருக்கு அத்தனை கேலன். இது 20 அங்குல இடைவெளிக்கான கணக்கு. என் மகள்தான் கோப்பை பிடித்தாள். நான்கு நாசிலில் 15 அவுன்ஸ், ஐந்தாவதில் 11. கழற்றிப் பார்த்தால் வடிகட்டியில் பிளாஸ்டிக் சீவல் ஒன்று சிக்கியிருந்தது, தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அளக்காமல் விட்டிருந்தால் வயல் முழுக்க ஒரு கோடு களை பிழைத்திருக்கும்.

இன்னொன்று: 2,4-டி தொட்ட தொட்டியைக் குளோவருக்குப் பயன்படுத்தாதீர்கள். குளோவரில் முளைத்த புல்லை மட்டும் கொல்ல கிளெத்தோடிம் அடித்தேன். புல்லும் போயிற்று, அரை ஏக்கர் குளோவரும் சுருண்டது. குழாயில் தங்கியிருந்த பழைய மருந்துதான் காரணம். மூன்று முறை அலசி, 25 கேலன் தண்ணீருக்கு ஒரு குவார்ட் வீட்டு அமோனியா கலந்து இரவு முழுவதும் ஊறவைத்து, நாசிலையும் வடிகட்டியையும் கழற்றிக் கழுவ வேண்டும். நான் இப்போது 2,4-டிக்கென்று ஒரு முதுகுத் தெளிப்பானைத் தனியாகவே வைத்திருக்கிறேன், அதுவும் எஸ்டர்போல் எளிதில் ஆவியாகாத அமீன் வகைக்கு மட்டும். அக்கம்பக்கத்தில் திராட்சையோ தேனீயோ இருக்கிறதா என்பதை டிரிஃப்ட்வாட்ச் என்ற இணைய வரைபடத்தில் பாருங்கள். வீட்டுத் தோட்டங்கள் அதில் இருக்காது. அதற்கு நேரில் போய்க் கதவைத் தட்டுவதுதான் வழி.

"மானுக்குச் சோறு போட்டு அதையே சுடுவாயா?" என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1925-இல் மிசௌரி முழுவதிலும் நானூறு மான்கள்கூட இல்லை என்று கணக்கிட்டார்கள். இன்று பத்து லட்சத்துக்கும் மேல். வேட்டையை வரம்புக்குள் கொண்டுவந்ததும், நிலம் வைத்திருப்பவர்கள் ஒத்துழைத்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். மக்காச்சோளத்தைக் கொட்டி அதன்மேல் வேட்டையாடுவது அங்கே சட்டவிரோதம், பயிரிட்டு வளர்ப்பது அப்படியல்ல. நான் ஆண்டுக்கு ஒரு மான் எடுக்கிறேன், அதன் இறைச்சியை வீணாக்காமல் சமைக்கிறோம். என் குளோவரில் பன்னிரண்டு மாதமும் மேய்பவை அதைவிடப் பல மடங்கு.

இதைச் சொல்லும்போது இன்னொரு வருத்தமும் வருகிறது, கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். செயின்ட் லூயிஸிலிருந்து நம் நண்பர்கள் குடும்பத்தோடு நிலத்துக்கு வருகிறார்கள். வரட்டும், அதற்காகத்தான் அடுப்பும் பெஞ்சும் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் வாயிற்கதவை மூடாமல் போகிறார்கள். கீழ்ப்பகுதியைப் பக்கத்து விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அவருடைய மாடுகள் இரண்டு முறை சாலைக்குப் போய்விட்டன, ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு. அவரும் நானும் டார்ச் லைட்டோடு இரண்டு மணி நேரம் அலைந்தோம். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்த கதவை மூடியும் போக வேண்டும் என்பது நம் ஊர்த் தோட்டங்களிலும் உள்ள வழக்கம்தானே! சொன்னால், "ஒரு கதவுக்கு இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அந்த மனிதரின் பிழைப்பே அந்த மாடுகள்தான்.

சரி, தெளிப்பானுக்கு வருகிறேன். நவம்பருக்குள் தொட்டியிலும் பம்பிலும் தண்ணீர் இல்லாமல் வடித்து, ஆர்.வி. என்ற வீட்டு வண்டியின் தண்ணீர்க் குழாய்களில் ஊற்றும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். தண்ணீர் உறைந்தால் பம்பின் உள்சவ்வு வெடித்துவிடும். என் முதல் பம்ப் அப்படித்தான் போயிற்று. உங்கள் வண்டியின் பின்தட்டு எடை வரம்பையும் வயலின் சரிவையும் எழுதினால், பூம் எத்தனை அடி வைக்கலாம் என்று சொல்கிறேன்.